ஈன்ற பசுவின் முதல் இருபத்தொரு நாட்கள்

கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் ஏதேனும் ஒரு கால்நடை மருந்தகத்தின் வாயிலில் காலை வேளையில் சற்று நின்று கவனிப்போர்க்கு, "மூன்று முறை ஊசி போட்டாயிற்று, சினை நிற்கவில்லை" என்ற முறையீடு காதில் விழாமற் போகாது. இவ்வாறு முறையிடும் குடியானவர்களில் ஒரு சாரார் ஊசி போட்டவரைக் குறை கூறுவர். ஒரு சாரார் விந்து சரியில்லை என்பர். மாட்டின் சுழி சரியில்லை என்று முடிவு செய்து, அதனைச் சந்தைக்கு ஓட்டிவிடுவோரும் உளர். இவற்றுள் முதலிரண்டும் சில வேளைகளில் உண்மையாக இருத்தல் கூடும். பருவத்தைச் சரியான நேரத்தில் கண்டுகொள்ளாமையும் ஒரு காரணமே. ஆயினும், எவரும் கேட்க மறந்துவிடுகின்ற கேள்விகள் சில உண்டு. இந்த மாடு கன்று ஈன்ற அன்று நஞ்சுக்கொடி எத்தனை மணி நேரத்தில் விழுந்தது? கன்றை இழுக்க எவர் கையிட்டார்? அதன்பின் மூன்று வாரங்கள் மாடு தள்ளிய அழுக்கு என்ன நிறம், என்ன நாற்றம்? நான்காம் மாதத்தில் சினை நிற்காத மாட்டுக்கு, கேடு முதல் மாதத்திலேயே நேர்ந்திருப்பது பெரும்பாலும் இவ்வினாக்களால்தான் வெளிப்படும்.

இதனால் விளையும் நட்டம் எவ்வளவு என்பதை ஒரு சிறு கணக்கினால் அறியலாம். பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாட்கள். ஈன்ற 85 நாட்களுக்குள் அது மறுபடியும் சினையானால், 365 நாட்களுக்கு ஒரு கன்று என்ற கணக்கு சரியாக வரும். சினையாகாத பசு 21 நாட்களுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். ஆகவே, ஒரு முறை தவறினால் 21 நாட்களும், மூன்று முறை தவறினால் 63 நாட்களும் வீண். தை மாதம் ஈன்ற கலப்பினப் பசு ஒன்றை வைத்திருக்கும் குடியானவர், அதன் தீனிக்கும் பராமரிப்புக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் செலவிடுகிறார் என்று வைத்துக் கொள்வோம். அந்த 63 நாட்களுக்குச் செலவு 6,300 ரூபாய். பாலோ நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும். அடுத்த ஈற்றும், அதனோடு வரும் புதுப்பாலும் இரண்டு மாதங்கள் தள்ளிப் போகும். ஓரேக்கர் கரும்பும் இரண்டு கறவைகளும் உடைய ஒரு குடும்பத்துக்கு இது சிறு தொகையன்று. கரும்புப் பணம் ஆண்டுக்கு ஒரு முறை வருவது. சங்கத்துப் பால் பணமே வாரந்தோறும் அடுப்பெரிய உதவுவது.

கருப்பை பழைய நிலைக்குத் திரும்புதல்

கன்று ஈன்றவுடன் பசுவின் கருப்பை ஏறத்தாழ 9 கிலோ எடையுள்ள பெரிய பையாக இருக்கும். ஒரு மாத அளவில் அது சுருங்கிச் சுமார் ஒரு கிலோவுக்கு வந்துவிடுகிறது. வெளிப்பார்வைக்குச் சுருங்கினாலும், உட்புறச் சவ்வு முழுவதும் புதிதாக வளர்ந்து ஆறிக் கன்று தாங்கும் தகுதியைப் பெறுவதற்கு ஆறு வாரங்களுக்கு மேலும் ஆகும். கருப்பையின் உட்சுவரில் பொத்தான்களைப் போன்ற திரட்சிகள் நூறளவில் உண்டு. நஞ்சுக்கொடி இப்பொத்தான்களில் பற்றிக்கொண்டுதான் கன்றுக்கு உணவளித்து வந்தது. கொடி கழன்றபின் ஒவ்வொரு பொத்தானும் ஒரு புண் போல் இருக்கும். அப்புண்கள் உதிர்ந்து, இரத்தமும் சளியும் சவ்வுத் துணுக்குகளும் கலந்து வெளிவருவதையே குடியானவர்கள் "அழுக்குத் தள்ளுதல்" என்பர். ஆகவே அழுக்குத் தள்ளுதல் நோயன்று. அது நடைபெறாமலிருப்பதே கவலைக்குரியது.

இந்த நாட்களில் கருப்பையின் வாய் திறந்திருக்கின்றது. உள்ளே சூடும் ஈரமும் இரத்தமும் உள்ளன. கிருமிகள் வாழ்வதற்கு இதனினும் ஏற்ற இடம் வேறில்லை. தரையிலுள்ள சாணத்திலிருந்தும், வாலிலிருந்தும், கையிட்டவர் விரல்களிலிருந்தும் அவை உள்ளே செல்கின்றன. இவ்விடத்தில் ஓர் உண்மையைக் குடியானவர்கள் நன்கு மனத்திற் கொள்ளுதல் வேண்டும். ஈன்ற முதலிரண்டு வாரங்களில் ஏறக்குறைய எல்லாப் பசுக்களின் கருப்பையிலும் கிருமிகள் காணப்படுகின்றன. மிகத் தூய்மையான பண்ணையில் ஈன்ற பசுவும் இதற்கு விலக்கன்று. ஆரோக்கியமான பசு அவற்றைத் தானாகவே வென்று வெளியேற்றிவிடுகின்றது. கருப்பை சுருங்குவதால் அழுக்கு வெளியே தள்ளப்படுகின்றது, இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் திரண்டு வந்து கிருமிகளை விழுங்குகின்றன, உட்சவ்வு மூடிக்கொள்கின்றது. இந்தப் போரில் வெற்றி யாருக்கு என்பது பெரும்பாலும் மூன்று வாரங்களுக்குள் தீர்மானமாகிவிடும்.

இங்கிலாந்திலும் வேல்ஸ் நாட்டிலும் இத்துறையில் நெடுங்காலம் ஆராய்ந்த ஷெல்டன் என்னும் பேராசிரியர், மேல்நாட்டுக் கறவை மந்தைகளைக் குறித்துக் கூறியிருக்கும் கணக்கு இது: ஈன்ற முதலிரண்டு வாரங்களில் 100 பசுக்களில் சுமார் 40 கருப்பை அழற்சிக்கு ஆளாகின்றன; மூன்று வாரங்களுக்குப் பின்னும் 15 முதல் 20 பசுக்களில் சீழ் வடிவது கண்ணுக்குத் தெரிகின்றது; இன்னும் 30 பசுக்களில் வெளிக்கு எதுவும் தெரியாமலே உள்ளழற்சி தங்கிவிடுகின்றது. அவர்தம் பசுக்கள் நம்முடையவற்றை விடப் பல மடங்கு கறப்பவை. ஆகையால் இந்த எண்களை அப்படியே நம் ஊருக்குப் பொருத்துதல் சரியாகாது. ஆயினும், வெளியே தெரியும் நோயை விடத் தெரியாத நோயே மிகுதி என்பது நாம் கவனிக்கற்பாலது.

கிருமிகள் கூட்டாக வேலை செய்யும் விதம்

கருப்பைக்குள் புகும் கிருமிகள் பல இனத்தவை. முதல் வாரத்தில் மேலோங்கி நிற்பது, சாணத்தில் எங்கும் உள்ள ஈ. கோலி என்னும் கிருமியாகும். அது தானே பெரும் புண்ணை உண்டாக்காவிடினும், பின்னால் வருபவற்றுக்கு வழி திறந்துவிடுகின்றது. பின்னர் வருபவற்றுள் முதன்மையானது ட்ரூபெரெல்லா பயோஜெனிஸ் என்னும் சீழ் உண்டாக்கும் கிருமி. இது ஒரு நஞ்சைச் சுரக்கின்றது. அந்நஞ்சு உயிரணுக்களின் மேலுறையில் துளையிட்டு அவற்றைச் சாகடிக்கும். கருப்பையின் மேற்சவ்வு முழுமையாக இருக்கும்போது இந்நஞ்சு எளிதில் ஊடுருவ முடியாது. சவ்வு கிழிந்து அடித்தசை வெளிப்பட்டிருக்கும் ஈற்றுக் காலத்தில்தான் அதன் கை ஓங்குகின்றது. காற்றில்லாத இடத்தில் வளரும் ஃப்யூசோபாக்டீரியம், ப்ரெவோடெல்லா என்ற வேறிரு இனங்களும் இதனோடு சேர்ந்துகொண்டு, ஒன்றுக்கொன்று உணவும் பாதுகாப்பும் அளித்து வாழ்கின்றன. அழுக்கில் எழும் பொறுக்க முடியாத துர்நாற்றம் பெரும்பாலும் இக்காற்றில்லாக் கிருமிகளின் வேலையே.

கருப்பையில் கிருமி இருந்தால், சினைமுட்டை தோன்றும் சூலகத்துக்கு என்ன கேடு என்று கேட்கலாம். ஈ. கோலியின் உடலுறையில் உள்ள நச்சுப்பொருள் இரத்தத்தில் கலந்து சூலகத்தையும் எட்டுகின்றது. அதனால் சினைமுட்டையைத் தாங்கும் கொப்புளம் மெதுவாக வளர்கின்றது. பருவத்தை உண்டாக்கும் சுரப்புநீரும் குறைகின்றது. மாடு கத்துவதில்லை, அல்லது பருவம் வந்ததே தெரியாமல் கழிந்துவிடுகின்றது. கருப்பை ஆறிய பிறகும் சில மாதங்கள் வரை இவ்விளைவு தொடரக் கூடும். "புண் ஆறிவிட்டது, பிறகும் ஏன் சினை நிற்கவில்லை?" என்ற கேள்விக்கு விடை இதிலுண்டு.

கிருமிகள் யாவும் வெளியிலிருந்தே வருகின்றன என்றுதான் நீண்ட காலம் கருதப்பட்டு வந்தது. மரபுப் பொருளைக் கொண்டு கிருமிகளை இனங்காணும் புதிய முறையால் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்து, குடலிலுள்ள சில கிருமிகள் இரத்தத்தின் வழியாகவும் கருப்பையை அடையக்கூடும் என்பதற்கான தடயங்களை 2017-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஈனாத கிடேரிகளின் கருப்பையிலும் இவ்வகைக் கிருமிகளின் சுவடுகள் காணப்பட்டுள்ளன. இதனால் சுத்தம் வேண்டியதில்லை என்று எவரும் முடிவு செய்துவிடலாகாது. கிருமியை முற்றிலும் தடுத்துவிட முடியாது; ஆகவே அதனை எதிர்த்து நிற்கும் வலிமை பசுவின் உடலில் இருத்தல் வேண்டும் என்பதே இதிலிருந்து பெறப்படுவது.

கையும் தண்ணீரும்

1847-ஆம் ஆண்டில் வியன்னா நகரத்துப் பிரசவ மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் ஒரு செய்தியைக் கண்டார். பிணங்களை அறுத்துப் பாடம் படித்துவிட்டு நேரே பிரசவம் பார்க்க வந்த மருத்துவர்களின் கைபட்ட தாய்மார்களே மிகுதியாகப் பிரசவ ஜுரத்தால் மாண்டனர். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகளைக் கழுவிய பின்னரே பிரசவம் பார்த்தல் வேண்டும் என்று அவர் கட்டளையிட்டார். சில மாதங்களுக்குள் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. கிருமி என்ற ஒன்று உண்டென்று உலகம் ஒப்புக்கொள்ளாத காலம் அது. உடன் பணியாற்றியோர் பலர் அவரை ஏற்க மறுத்தனர். நம் கொட்டகைகளில் இன்றும் நடப்பது என்ன? சாணம் அள்ளிய கையோடு, பக்கத்து வீட்டு அனுபவசாலி ஒருவர் வந்து, கையில் சிறிது எண்ணெயைத் தடவிக்கொண்டு கன்றின் காலைத் தேடுகிறார். அவருடைய நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆனால் அந்த எண்ணெயில் கிருமி சாவதில்லை.

பெரும்பாலான பசுக்களுக்கு மனிதக் கை எதுவும் தேவைப்படுவதில்லை. தண்ணீர்க்குடம் உடைந்து, கன்றின் முன்னங்கால்களும் மூக்கும் தெரிந்தால் பொறுத்திருத்தலே நன்று. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் முன்னேற்றமில்லையெனில் கால்நடை மருத்துவரை அழைத்தல் வேண்டும். தலையீற்றுக் கிடேரிகளுக்கும், பெரிய கன்றைச் சுமக்கும் கலப்பினப் பசுக்களுக்கும் இக்கவலை அதிகம். உதவி செய்தே தீரவேண்டிய நிலை வந்தால், நகங்களை வெட்டி, முழங்கைக்கு மேல் வரை சோப்பிட்டு வெந்நீரில் கழுவி, நீண்ட கையுறை அணிந்து, பசுவின் பின்புறத்தையும் வாலையும் கழுவிய பின்னரே கையிடலாம். ஈனும் இடம் சேறும் சாணமும் இன்றி உலர்ந்த வைக்கோல் பரப்பியதாக இருத்தல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தரை ஊறிக் கிடக்கும் கொட்டகையில் ஈனும் பசுவுக்கு, வீட்டுத் திண்ணையோரத்தில் ஒரு மேடான இடம் ஒதுக்கிக் கொடுத்தல் அரிதன்று.

நஞ்சுக்கொடியை இழுக்கலாகாது

நம் பக்கத்தில் இளங்கொடி என்றும் வழங்கும் நஞ்சுக்கொடி, பெரும்பாலும் ஈன்ற 6 முதல் 8 மணி நேரத்துக்குள் விழுந்துவிடும். 12 மணி கடந்தும் விழாவிடில் அதைக் கவனித்தல் வேண்டும். 24 மணி கடந்துவிட்டால் தங்கிவிட்டது என்றே கொள்ளல் வேண்டும். இந்நிலையில்தான் நம்மவர் பொறுமை இழக்கின்றனர். தொங்கும் கொடியில் கல்லையோ பழைய செருப்பையோ கட்டித் தொங்கவிடுதலும், கைக்கு எட்டியவரை உள்ளே விட்டுப் பிய்த்தெடுத்தலும் சில ஊர்களில் வழக்கமாக உள்ளன. முற்காலத்தில் மருத்துவர்களும் கையால் கொடியை எடுத்து வந்தது உண்மையே. இன்றோ அம்முறை தவறென்று கைவிடப்பட்டு வருகின்றது. பொத்தான்களில் பற்றியிருக்கும் கொடியைப் பிய்க்கும்போது கருப்பையின் உட்சவ்வும் கிழிகின்றது. பாதி கொடி உள்ளேயே தங்கி அழுகுகின்றது. கிழிந்த இடமோ மேற்கூறிய நஞ்சுக்குத் திறந்த கதவாகின்றது. தொடாமல் விட்டால், ஒரு வாரம் முன்பின்னாகக் கொடி தானே அழுகிக் கழன்று விழுந்துவிடும். அதுவரை காலில் மிதிபடாதவாறு வெளியே தொங்கும் பகுதியை மட்டும் வெட்டிவிடலாம். நாள்தோறும் காய்ச்சல் உண்டா என்று பார்த்து, கண்டால் உடனே மருத்துவரை அழைத்தலே முறை.

முள்ளங்கியும், வெண்டைக்காயும், வெல்லமும், உப்பும் கொடுக்கும் கைமருந்து முறை ஒன்று உண்டு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் தொகுத்த இத்தகைய முறைகளைத் தேசியப் பால்வள வாரியமும் பரப்பி வருகின்றது. இவை மாட்டுக்கு உணவான பொருள்களே. ஈன்ற அன்று கொடுப்பதில் தடையில்லை. ஆனால் மாட்டுக்குக் காய்ச்சல் கண்டபின்னும் முள்ளங்கியை நம்பிக் காத்திருத்தல் தகாது.

விழுந்த கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டித் தொங்கவிடும் பழக்கம் நம் நாட்டில் பரவலாக உண்டு. பால் பெருகும் என்ற நம்பிக்கை அதற்குக் காரணம். நாய் இழுத்துச் செல்லாமலும், ஈன்ற மாடே அதைத் தின்றுவிடாமலும் தடுத்த அளவில் முன்னோர் செய்தது நல்லதே. ஆயினும் காக்கையும் பருந்தும் கொத்தி ஊரெங்கும் சிந்துவதை அது தடுப்பதில்லை. ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தலே மேலானது. இதன் காரணம் பின்னர் விளங்கும்.

தீனியின் பங்கு

மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் அமைந்திருக்கும் கரும்புப் பிரதேசம் இது. கரும்பு வெட்டும் காலத்தில் கொழுந்தாடை செலவின்றிக் கிடைப்பதால், பல வீடுகளில் மாடுகள் மாதக்கணக்கில் அதையும் வைக்கோலையுமே தின்று வாழ்கின்றன. வயிறு நிறைகின்றது என்பது மெய். ஆனால் இவ்விரண்டிலும் ஆக்ஸலேட் என்னும் பொருள் உள்ளது. அது சுண்ணாம்புச் சத்தைப் பிணைத்து உடலில் சேரவிடாமல் செய்கின்றது. புரதமும் பாஸ்பரமும் இவற்றில் மிகக் குறைவு. ஈனும் நாளில் பால் சுரப்பதற்காக இரத்தத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து திடீரென்று மடிக்குச் செல்லும். அப்போது பற்றாக்குறை ஏற்பட்டால் மாடு எழுந்து நிற்கமாட்டாமல் படுத்துவிடுவதைப் பால் காய்ச்சல் என்கின்றனர் (பெயரில்தான் காய்ச்சல்; மாட்டின் உடம்போ குளிர்ந்திருக்கும்). மாடு படுத்துவிடாத அளவுக்குக் குறைவு இருந்தாலுங்கூடக் கருப்பையின் தசைகள் வலுவிழந்து சுருங்க மறுக்கின்றன, கொடி தங்குகின்றது, அழுக்கு உள்ளே தேங்குகின்றது. கிருமியை விழுங்கும் வெள்ளணுக்களும் ஈனும் நாட்களில் இயல்பாகவே சோர்வுற்றிருக்கும். சத்துக் குறைவு அவற்றை மேலும் முடக்குகின்றது.

ஆகவே, கொழுந்தாடையோடு வேலிமசாலோ, அகத்தியோ, காராமணிக் கொடியோ ஏதேனும் ஒரு பயறுவகைப் பசுந்தீவனத்தையும், நாளொன்றுக்கு 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவையையும் சேர்த்துக் கொடுத்தல் வேண்டும். சினையின் கடைசி இரண்டு மாதங்கள் பால் கறவாமல் ஓய்வு தருதல் இன்றியமையாதது. கடைசி மூன்று வாரங்களில் சுண்ணாம்புச் சத்து மருந்தைத் தாமாகவே வாங்கி மிகுதியாகப் புகட்டுவோரும் உண்டு. அது நன்மைக்கு மாறாகப் பால் காய்ச்சலை வரவழைக்கும். அக்காலத்தில் எவ்வளவு தருவதென்பதை மருத்துவரிடம் கேட்டறிதல் நலம்.

எதைப் பார்க்க வேண்டும்?

முதல் சில நாட்கள் அழுக்கு சிவந்திருக்கும். பின்னர் பழுப்பாகிக் கெட்டிப்பட்டு, இரண்டு வார அளவில் குறைந்து, தெளிந்த கோழையாக முடியும். நாற்றம் இராது. இதுவே சரியான போக்கு. மாறாக, நான்காம் நாள் தொடங்கிப் பத்தாம் நாளுக்குள் தண்ணீர் போன்ற செம்பழுப்பு நிற நீர் துர்நாற்றத்துடன் வடிந்து, மாடு தீனி குறைத்து, பாலும் திடீரென்று குறைந்தால் அது அவசர நிலையாகும். பசுவின் இயல்பான உடற்சூடு ஏறத்தாழ 101.5 டிகிரி பாரன்ஹீட். 103 டிகிரிக்கு மேற்பட்டால் காய்ச்சல் எனலாம். ஆசனவாயில் வைத்துப் பார்க்கும் வெப்பமானி ஒன்றை ஒவ்வொரு பால் சங்கமும் வாங்கி வைத்து, ஈன்ற மாட்டுக்குப் பத்து நாட்கள் காலையில் பார்க்கச் செய்தால், அதன் விலையைப் போலப் பன்மடங்கு மிச்சமாகும்.

மூன்று வாரங்கள் கடந்தபின் நோய் ஓசையின்றி வரும். காய்ச்சல் இராது, தீனி எடுக்கும், பாலும் கறக்கும். இரவு படுத்த இடத்தில் விடியற்காலையில் வெண்மையாகவோ மஞ்சளாகவோ சீழ்த் திட்டு கிடப்பதும், வாலின் அடியில் அது காய்ந்து ஒட்டியிருப்பதுமே அடையாளம். பெருக்கித் தள்ளுமுன் தரையைப் பார்க்கும் வழக்கம் பெரும்பாலும் வீட்டுப் பெண்மணிகளுக்கே உண்டு. மாட்டைக் குறித்து மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்கு அவர்களே சரியான விடை சொல்வதை எவரும் கவனித்திருக்கலாம்.

பருவத்தில் வரும் கோழை கண்ணாடி போல் தெளிந்திருத்தல் வேண்டும். வெண்துணுக்குகளோ கலங்கலோ காணப்பட்டால் அன்று கருவூட்டல் செய்வதில் பயனில்லை. வெளிக்குத் தெளிவாகத் தோன்றினாலும் ஐயம் இருக்குமாயின், அக்கோழையோடு சம அளவு காரக் கரைசலைக் கலந்து சூடாக்கிப் பார்க்கும் ஒயிட் சைடு என்னும் எளிய சோதனையை மருத்துவர்கள் செய்கின்றனர். மஞ்சள் நிறம் கண்டால் அழற்சி உண்டென்று பொருள். மூன்று முறை கருவூட்டியும் சினை நிற்காத மாட்டின் உரிமையாளர் நான்காவது ஊசியைக் கேட்குமுன் இச்சோதனையைக் கேட்கட்டும்.

பருவக் காலத்தில் கருப்பையின் எதிர்ப்பாற்றல் மிகுந்திருக்கும். வாய் திறந்து அழுக்கும் வெளியேறும். ஆகவே ஈன்ற 60 நாட்களுக்குள் வரும் பருவங்களைக் கருவூட்டாமல் விடுவது வீணன்று. ஒவ்வொன்றும் கருப்பை தன்னைத் தானே கழுவிக் கொள்ளும் வாய்ப்பாகும். பருவமில்லாத இடைக்காலத்தில் எதிர்ப்பாற்றல் தாழ்ந்திருக்கும். பருவத்துக்கு வராத மாட்டுக்கு வற்புறுத்திக் கருவூட்டச் செய்தால், குழாயோடு செல்லும் கிருமி உள்ளேயே தங்கிச் சீழ் கட்ட இடமாகின்றது. கருவூட்ட வந்தவர் பரிசோதித்துவிட்டு "இன்று வேண்டாம்" என்று சொன்னால் அவர் மீது கோபம் கொள்ளாதிருத்தல் நலம்.

சிகிச்சை மருத்துவரைச் சார்ந்தது, விரிவாகக் கூறுதற்கில்லை. காய்ச்சலோடு கூடிய அழற்சிக்குக் கிருமிக்கொல்லி ஊசி உயிர் காக்கும். நாட்பட்ட சீழுக்குச் சூலகத்தின் நிலையறிந்து பருவத்தை வரவழைக்கும் ஊசியே பல வேளைகளில் போதுமானது. கடையில் மாத்திரையும் மருந்தும் வாங்கித் தாமே கருப்பைக்குள் திணிப்பதும், காரமான கரைசல்களால் கழுவுவதும் ஆறிவரும் சவ்வைச் சுட்டுவிடும். அன்றியும், கிருமிக்கொல்லி கொடுத்த மாட்டின் பாலை மருத்துவர் குறிப்பிடும் நாட்கள் வரை சங்கத்துக்கு ஊற்றலாகாது. ஒரு மாட்டின் பால் கேன் முழுவதையும் கெடுக்கும்; மருந்து கலந்த பாலைப் பருகும் குழந்தைகளிடத்தில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் தோன்றவும் அது வழி வகுக்கும்.

கன்று வீச்சும் மனிதர்க்கு வரும் நோயும்

சினையின் ஆறாம் மாதத்துக்கு மேல் மாடு கன்றை வீசிவிட்டு, கொடியும் தங்கிவிடுமானால், புரூசெல்லா என்னும் கிருமி காரணமாக இருக்கக் கூடும். இது மற்றவற்றைப் போன்றதன்று. வீசிய கன்றையும் கொடியையும் வெறுங்கையால் தொட்டவர்க்கும், காய்ச்சாத பாலைக் குடித்தவர்க்கும் விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டுவலியும் உண்டாகும். கொடியை மரத்தில் கட்டாமல் புதைக்க வேண்டும் என்று மேலே கூறியது இதனாற்றான். 2019-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கப்பெற்ற தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ், 4 முதல் 8 மாத வயதுடைய கிடேரிக் கன்றுகளுக்கு இந்நோய்க்கான தடுப்பூசி போடப்படுகின்றது. வாழ்நாளில் ஒரு முறை போட்டால் போதும். ஆனால் அந்த வயதைத் தவறவிடலாகாது.

மலையூர்களும் பஞ்சாயத்தும்

2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டமாகச் செயற்படும் கள்ளக்குறிச்சியில் சமவெளியும் மலையும் இரு வேறு நிலையில் உள்ளன. கல்வராயன் மலை கடல் மட்டத்துக்கு மேல் 2,000 முதல் 3,000 அடி உயரம் உடையது. வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு போன்ற பெரிய ஊர்களுக்குச் சாலை உண்டு; அவற்றைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் குக்கிராமங்களிலிருந்து ஈன்ற மாட்டை மருந்தகத்துக்கு நடத்திக்கொண்டு வருதல் இயலாது. மேய்ச்சலில் வாழும் நாட்டு மாடுகள் சிறு கன்றை எளிதில் ஈன்றுவிடுவதால் இத்தொல்லை அவற்றுக்குக் குறைவு. கலப்பினப் பசு மலையேறினால் இத்தொல்லையும் உடன் ஏறும். கடன் கொடுத்துப் பசு வாங்கித் தரும் திட்டங்களை மலையூர்களில் ஆதரிக்கும் அங்கத்தினர்கள், அப்பசு ஈனும் இரவில் யார் வருவார் என்பதையும் கேட்டல் வேண்டும் என்பது என் கருத்து.

1962 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வருவதற்கு ஏற்பாடு உண்டு. இவ்வெண்ணைப் பஞ்சாயத்து அலுவலகம், பால் சங்கம், பள்ளிக்கூடம் ஆகியவற்றின் சுவர்களில் பெரிதாக எழுதி வைத்தல் செலவற்ற காரியம். நாட்பட்ட நோயுடைய மாடுகளுக்குச் சின்னசேலத்தை ஒட்டிய தலைவாசல் கூட்டுரோட்டில் 2021-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற கால்நடை ஆராய்ச்சி நிலையமும் அதனுடன் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியும் தொலைவில் இல்லை.

பஞ்சாயத்துகள் செய்யக்கூடியவை வேறு சிலவும் உள்ளன. பால் சங்கச் செயலாளரிடம் ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் இருந்தால் போதும். பால் ஊற்ற வருவோரிடம் கேட்டு, மாடு ஈன்ற தேதி, கொடி விழுந்த நேரம், கையிட்டதுண்டா, இருபத்தொன்றாம் நாள் அழுக்கின் நிலை ஆகிய நான்கையும் குறித்து வரலாம். மாதம் ஒரு முறை வரும் கால்நடை மருத்துவர் அப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, ஐயமுள்ள மாடுகளை மட்டும் நிறுத்திப் பரிசோதிப்பார். அதற்கு ஊர்ப் பொதுவிடத்தில் மாட்டை நிறுத்திப் பிடிக்கும் மரச்சட்டம் ஒன்றும், கை கழுவுவதற்குக் குழாயும் இருத்தல் வேண்டும். சட்டம் பல ஊர்களில் உண்டு. அதன் அருகே தண்ணீர்க் குழாய் உள்ள ஊர்கள் எத்தனை என்பதை அங்கத்தினர்கள் அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்குமுன் நேரில் சென்று பார்த்து வருவார்களாக.